பூட்டிய பொருளாதாரமா, திறந்த பொருளாதாரமா?

"77க்குப் பிறகுதான் சனம் கெட்டுப்போனது" என்று திருகோணமலையில் பழைய ஆட்கள் சொல்வார்கள், இளம் பெடியளோ இன்னும் திறந்துவிடச் சொல்கிறார்கள். இலங்கையில் 1970 முதல் 77 வரை அரசாங்கம் இறக்குமதியை இறுக்கிப் பூட்டி வைத்திருந்தது, 1977இல் வந்த புது அரசாங்கம் அதைத் திறந்துவிட்டது. சரி, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

சுதந்திரம்
1970–77: இரண்டு கொத்துக்கு (அரிசி அளக்கிற அளவு) மேல் அரிசி கொண்டுபோனால் வழியில் பறித்துவிடுவார்கள்.
பிறகு: காசிருந்தால் எதையும் வாங்கலாம். இல்லாதவருக்குக் கடைக் கண்ணாடி வரைக்கும்தான்.

பிழைப்பு
பூட்டியபோது: வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாண விவசாயி நிமிர்ந்தார், பட்டணத்தில் பாணுக்கு வரிசை.
திறந்தபோது: நிலாவெளிக் கடற்கரையில் விடுதிகள், கையில் வெளிநாட்டுக் காசு. ஆனால் 2022இல் டொலர் தீர்ந்ததும் மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன, அதுவும் சீனன்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற திருகோணமலையில்!

ஒழுக்கம்
அப்போது பதுக்கலும் கள்ளச்சந்தையும். இப்போது கடனுக்கு ஃபோன், கடனுக்குக் கலியாணம். நடுவில் போன அத்தனை வருஷ யுத்தத்தை விட்டுவிட்டுக் கடைகளைக் குறை சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெங்காயம் நடுகிறவருக்கு அறுவடை மாதங்களிலாவது இறக்குமதிக்குப் பூட்டு வேண்டும். விடுதி, கடை நடத்துகிறவருக்குத் திறந்ததுதான் பொருந்தும். மீன்பிடிக்கிறவருக்கு எதுவானாலும் முதலில் எண்ணெய் வரட்டும்.