மார்கழி விழாவில் மாலைக் கச்சேரியை விட காலைப் போட்டி

மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு சின்ன சபா நடத்திய மார்கழி விழா இது. காலையில் இளம் பாடகர்களுக்கான போட்டி, மதியம் வளரும் கலைஞர்கள், மாலையில் பெரிய வித்வான்கள் என்று பல சபாக்களில் பார்க்கிற ஏற்பாடுதான். கூட்டம் மாலைக்குத்தான் வருகிறது. ஆனால் என்னைக் கேட்டால், இந்த விழாவில் தவறவிடக் கூடாதது காலைப் போட்டி. பாட வந்த பிள்ளைகளின் வீட்டுக்காரர்களைத் தவிர வேறு யாரும் அந்த நேரத்தில் எட்டிப் பார்க்கவில்லை என்பதில் எனக்கு நிஜமாகவே வருத்தம்.

12 வயதுக்குள் ஒரு பிரிவு, 18 வயதுக்குள் இன்னொன்று, அப்புறம் தமிழ்ப் பாடல்களுக்குத் தனியாக ஒன்று. சின்னவர்கள் ஒரு வர்ணமும் சில கீர்த்தனைகளும் தயார் செய்துகொண்டு வர வேண்டும். எதைப் பாடுவது என்று நடுவர்தான் அங்கே சொல்வார், அதனால் ஒரே பாட்டை மாதக்கணக்கில் உருப்போட்டு வந்து ஒப்பித்துவிட்டுப் போகிற கதை இங்கே நடக்காது. பெரிய பிள்ளைகளுக்கு, ராகத்தை விரித்துப் பாடும் ஆலாபனை, பாட்டின் ஒரு வரியையே விதவிதமாகப் பாடும் நிரவல், அங்கேயே கோத்துப் பாடும் கற்பனை ஸ்வரம் மூன்றும் உண்டு, ராகத்தையும் அப்போதுதான் சொல்கிறார்கள். முதல் இரண்டு நிமிஷத்திலேயே யாருக்கு மனோதர்மம், அதாவது சொந்தக் கற்பனை, இருக்கிறது, யார் நோட்டில் எழுதி வைத்ததைப் பாடுகிறார்கள் என்று தெரிந்துவிடும்.

ஒரு பெண்ணுக்குக் கல்யாணி ராகம் கொடுத்தார்கள். ஷட்ஜத்தையும் பஞ்சமத்தையும் (ச, ப) தொடாமல், காந்தாரத்திலும் நிஷாதத்திலும் (க, நி) நின்று நின்று அவள் ராகத்தை வளர்த்த அழகு இன்னும் காதில் இருக்கிறது. ஸ்வரம் பாடும்போது எடுப்பு, அதாவது பாட்டு வரி தொடங்குகிற இடம், சமத்திலிருந்து (தாளத்தின் முதல் அடியிலிருந்து) அரை இடம் தள்ளி. ஒரு சுற்றில் கணக்கு நழுவி சமத்திலேயே வந்து இறங்கிவிட்டாள். நடுவர் நிறுத்தவில்லை. குனிந்து எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்குத் தெரிகிற மாதிரி கையைத் தூக்கி ஆதி தாளம் போட ஆரம்பித்தார். அதைப் பார்த்தபடியே இன்னொரு ஆவர்த்தனம் (ஒரு தாளச் சுற்று) பாடி, அடுத்த சுற்றில் அச்சாக எடுப்பில் வந்து உட்கார்ந்தாள் அந்தப் பெண், அரங்கில் இருந்த கொஞ்சம் பேரும் கை தட்டினோம்.

இன்னொரு பையனுக்குக் குரல் உடைகிற வயது. அவன் வைத்த சுருதியில் மேல் ஷட்ஜம் எட்டவே இல்லை, பாதியில் நின்றுவிட்டான். பூஜ்யம் போட்டு அனுப்பியிருக்கலாம். "ஒரு கட்டை இறக்கி வெச்சுக்கோப்பா, அவசரமே இல்லை" என்று சொல்லி முதலிலிருந்து பாட வைத்தார்கள். குரல் உடைகிற நேரத்தில் பாட்டையே விட்டுவிடுகிற பையன்கள் எத்தனையோ பேர், அந்தச் சமயத்தில் பெரியவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்பது பரிசை விட முக்கியம்.

தமிழ்ப் பிரிவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1943இல் தமிழ் இசைச் சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து நடக்கிற விவாதம் இது, தமிழ்ப் பாட்டு கச்சேரி முடிவில் துக்கடாவாக, அதாவது சின்ன உருப்படியாக, மட்டும் வர வேண்டுமா என்று. இங்கே முத்துத்தாண்டவர், மாரிமுத்தாப் பிள்ளை, அருணாசலக் கவிராயர், பாபநாசம் சிவன் என்று பட்டியலே நிறைவாக இருந்தது. பதம் பிரித்துப் பாடுவதற்கும் ழகரத்துக்கும் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பிள்ளைகள் பொருள் புரிந்து பாடினார்கள்.

மாலைக் கச்சேரிகள் சுமார்தான், அதற்குப் பாடியவர்கள் காரணம் இல்லை. ஒலி அமைப்பு மோசம். மிருதங்கம் அரங்கையே நிறைக்கிறது, வயலின் பாடகர் நிறுத்தும்போது மட்டும்தான் கேட்கிறது, தம்புரா இருப்பதே கண்ணால் பார்த்தால்தான் தெரியும். ஒருவர் பைரவி ராகத்தில் ராகம் தானம் பல்லவி (ஒரே வரியை வைத்து விரிவாகப் பாடும் உருப்படி) எடுத்து, கண்ட திரிபுடை தாளத்தின் ஒன்பது அட்சரத்துக்கு (எண்ணிக்கைக்கு) அவ்வளவு நேர்த்தியாகப் பல்லவியை அமைத்திருந்தார், அதில் பாதி மைக்கிலேயே கரைந்துபோனது. இடையில் மைக்காரரிடம் பாடகரே சைகை காட்டியும் ஒன்றும் மாறவில்லை. காலையில் அதே அரங்கில் ஒரே ஒரு மைக்கை வைத்துக்கொண்டு பிள்ளைகள் பாடியது தெளிவாகக் கேட்டதே! மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் கேன்டீனுக்கு எழுந்து போகிற வழக்கத்தையும் தயவுசெய்து விடுங்கள், போகத்தான் வேண்டும் என்றால் பாட்டு முடிகிற இடமாகப் பார்த்துப் போகலாம்.

போட்டியிலும் ஒரு குறை உண்டு. முதல் மூன்று பெயர்களை வாசித்துவிட்டு ஷீல்டும் சான்றிதழும் கொடுத்ததோடு சரி. நடுவர்கள் அவ்வளவு பொறுமையாகக் குறிப்பெழுதினார்கள், அந்தத் தாளை ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுத்திருந்தால் வீட்டுக்குப் போய் குருவிடம் காட்டித் திருத்திக்கொள்ளும். அதோடு, 18 வயதுப் பிரிவில் ஜெயிப்பவர்களுக்கு அதே விழாவில் மதியம் ஒரு அரை மணி நேரம், வயலினும் மிருதங்கமும் வைத்துப் பாட இடம் கொடுக்க வேண்டும். போட்டியை விழாவின் தொடக்கத்தில் வைத்து, கடைசி நாள் மதியத்தை அவர்களுக்கென்று ஒதுக்கினால் போதும். இதை எழுதி சபா செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், போட்டிக்கு வந்திருந்த பெற்றோரும் ஆளுக்கு ஒரு கடிதம் கொடுத்தால் நல்லது.