தேய்ந்த ஸ்க்ரூவை அனுப்பினேன், தேய்ந்த ஸ்க்ரூவே புதிதாக வந்தது: 85,000 போச்சு

85,000. இந்த எண்ணை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நேற்று மாலை மைக்ரோமீட்டரை வைத்துப் பார்த்ததிலிருந்து மண்டையில் வேறு எதுவும் ஓடவில்லை. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளுகிற எக்ஸ்ட்ரூடர் ஸ்க்ரூவோ இன்ஜெக்‌ஷன் ஸ்க்ரூவோ தேய்ந்துபோய், வெளியில் கொடுத்துப் புதிதாகக் கடைந்து வாங்கலாம் என்று நினைத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுக்கப் படியுங்கள். எதையெல்லாம் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதைக் கடைசியில் வரிசையாக எழுதுகிறேன்.

என்னுடையது சின்ன எக்ஸ்ட்ரூடர். ஒற்றை ஸ்க்ரூ, விட்டம் 45 மி.மீ., நீளம் விட்டத்தைப் போல் 24 மடங்கு. எல்டிபிஇ (ஒரு வகை பாலிதீன்) குழாய் இழுக்கிறோம். புதிதில் மணிக்கு 30 கிலோ தள்ளிய மெஷின், கொஞ்சம் கொஞ்சமாக 19-க்கு வந்து நின்றது. வேகத்தைக் கூட்டினால் சூடுதான் ஏறியது, எடை ஏறவில்லை. கழற்றினோம். ஸ்க்ரூ உள்ளே சுழல்கிற உருளையான பேரலுக்கு ஒன்றும் ஆகவில்லை, உள்விட்டம் அளக்கிற போர் கேஜில் 45.04 காட்டியது. ஸ்க்ரூதான் போயிருந்தது. இந்த மாடலை மெஷின்காரர்கள் நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது. வெளியில் செய்வதைத் தவிர வழியில்லை.

இந்த ஸ்க்ரூவைப் பற்றித் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். பார்க்க, மேலே ஒரு வரி (ஃப்ளைட்) ஒரே மாதிரி சுற்றிக்கொண்டு போகிற ஒரு தண்டுதான். ஒரு சுற்றுக்கு 45 மி.மீ. முன்னேறும். விட்டமும் 45 என்பதால் அந்த வரியின் சாய்வு 17.7 டிகிரி வரும். வெளிவிட்டம் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றே. உள்ளே இருக்கும் பள்ளத்தின் ஆழம்தான் மாறும். பிளாஸ்டிக் குருணை விழும் பக்கம் 7.5 மி.மீ., முனைப் பக்கம் 2.5. நடுவில் எட்டுச் சுற்றுக்குள் அந்த ஆழம் சீராகக் குறைந்துகொண்டே வர வேண்டும். அங்கேதான் குருணை நசுங்கி உருகுகிறது.

இதில் உயிர்நாடி என்றால் ஸ்க்ரூவின் வெளிவிட்டத்துக்கும் பேரலுக்கும் நடுவில் உள்ள இடைவெளி. புதிதில் ஒரு பக்கத்துக்கு 0.06 மி.மீ., ஒரு தலைமுடி கனம். முன்னால் அழுத்தம் ஏற ஏற, உருகிய பிளாஸ்டிக் அந்த இடைவெளி வழியாகப் பின்னால் கசியும். அந்தக் கசிவு இடைவெளியின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது. இடைவெளி இரண்டு மடங்கு ஆனால் கசிவு எட்டு மடங்கு. இந்தக் கணக்கை மனதில் வையுங்கள், பின்னால் வருகிறது.

அனுப்புவதற்கு முன் பழைய ஸ்க்ரூவை நானே அளந்து எழுதி, படமும் எடுத்து வைத்தேன். குருணை விழும் பக்கம் 44.78, நடுவில் 44.41, முனைப் பக்கம் 44.30. இந்த விவகாரம் முழுவதிலும் நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். பேப்பரில் கையால் ஒரு படம் வரைந்து, "வெளிவிட்டம் 44.88, முழு நீளத்துக்கும்" என்று சிவப்புப் பேனாவால் எழுதி இரண்டு கோடும் போட்டேன்.

வேலை வைத்திருப்பவர்களையும் மெஷின் வைத்திருப்பவர்களையும் சேர்த்து வைக்கிற ஒரு இணையத் தளத்தில் அதைப் போட்டேன். நாலு பட்டறையிலிருந்து விலை வந்தது. எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க எவ்வளவு எதிர்பார்க்கிறீங்க?" ஐந்தாவதாக ஒருவர் போன் செய்தார். பல ஆக்சிஸ் சிஎன்சி (கம்ப்யூட்டர் கணக்கில் பல திசையில் நகர்ந்து வெட்டுகிற மெஷின்) வைத்திருக்கிற ஜாப் ஒர்க் பட்டறையின் டெக்னிக்கல் ஆள் என்று சொல்லிக்கொண்டார். விலை பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. எடுத்ததும் கேட்டார்:

"சார், ஃப்ளைட் அடியில ரேடியஸ் எவ்வளவு வைக்கணும்? தள்ளுற பக்கமும் பின்பக்கமும் ஒண்ணா, வேற வேறயா?"

அங்கே விழுந்தேன். நாலு பேர் கேட்காத கேள்வி. ஃப்ளைட் தண்டோடு சேருகிற அந்த மூலை வளைவாக இல்லாமல் கூர்மையாக இருந்தால் உருகிய பிளாஸ்டிக் அதில் தேங்கிக் கருகும், அப்புறம் குழாயில் கரும்புள்ளி கரும்புள்ளியாக விழும். இது தெரிந்தவன்தான் அந்தக் கேள்வியைக் கேட்பான். ஆள் விஷயம் தெரிந்தவர், நம்மைவிட நம் ஸ்க்ரூ மேல் அக்கறை உள்ளவர் என்று முடிவே செய்துவிட்டேன். இரண்டு பக்கமும் 2.5 வையுங்கள் என்றேன். "நோட் பண்ணிக்கிட்டேன் சார்" என்றார். எங்கே நோட் பண்ணினாரோ!

அன்று மாலையே ஒரு வீடியோ வந்தது. ஐந்து ஆக்சிஸ் மெஷினில் ஸ்க்ரூ சுழல, கட்டர் கூடவே நகர்ந்து பள்ளம் வெட்டுகிற சிமுலேஷன். "உங்க ஜாப்தான் சார், ப்ரோக்ராம் ரெடி." அழகாக இருந்தது. என் மெஷின் ஓட்டும் தம்பிக்கும் காட்டினேன். நேற்று இரவு அதே வீடியோவை மறுபடி போட்டுப் பார்க்கிறேன், அதில் இருப்பது இடக்கை வரி. என் ஸ்க்ரூ வலக்கை. யாருடைய வேலையின் வீடியோவோ அது. முன்பு ஏழெட்டு முறை பார்த்தும் என் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் ஸ்க்ரூவுக்கு ஐந்து ஆக்சிஸ் தேவையே இல்லை. ஸ்க்ரூ ஒரு முழுச் சுற்று சுற்றும்போது கட்டர் துல்லியமாக 45 மி.மீ. நகர வேண்டும், பள்ளத்தின் ஆழத்துக்கு ஏற்றபடி ஏறி இறங்க வேண்டும். நாலு ஆக்சிஸ் இருந்தாலே முடிகிற வேலை. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் "ஐந்து ஆக்சிஸ்" என்றதும் வாயைப் பிளந்தேன். 85,000 சொன்னார்கள், பேரம்கூடப் பேசவில்லை. அன்றிரவே முன்பணம் 51,000 தளத்தின் வழியாகக் கட்டினேன். சாம்பிளுக்கு வேண்டும் என்றதால் பழைய ஸ்க்ரூவையும் அனுப்பினேன்.

12 நாள் என்றார்கள். 26-ஆம் நாள் வந்தது. நடுவில் நடந்த "இன்னிக்கு டெஸ்பாட்ச் சார்" கதைகளை எல்லாம் எழுதப் போவதில்லை. மீதி 34,000-ஐ வாங்கிக்கொண்டுதான் அனுப்பினார்கள்.

எண்ணெய் பேப்பரைப் பிரித்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கூடவே மூன்று பக்க ரிப்போர்ட், ஸ்டீலுக்கு ஒரு சான்றிதழ், நைட்ரைடிங் (உலையில் வைத்து மேற்பரப்பைக் கடினமாக்குவது) ரசீது. ஒரு மாதமாக மெஷின் நின்றிருக்கிறது, வாடிக்கையாளர்கள் விடாமல் கூப்பிடுகிறார்கள். அளக்காமல் மாட்டினேன். ஆமாம், அளக்காமல். திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளுங்கள்.

ஓட்டினால் மணிக்கு 20 கிலோ. பழசு 19, புதுசு 20. உடனே போன் செய்தேன். அதே டெக்னிக்கல் ஆள், அதே பதமான குரல்: "புது ஸ்க்ரூ சார், ரன்-இன் ஆகணும். ஒரு வாரம் ஓட்டுங்க, தானா ஏறும்." ஸ்க்ரூ ஓட ஓடத் தேயும், வளராது. இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு அந்த நேரம் தெரியவில்லை. ஒரு வாரம் ஓட்டினேன். தளத்தின் விதிப்படி பொருள் கைக்கு வந்த 72 மணி நேரத்துக்குள் புகார் கொடுக்காவிட்டால் பணம் முழுவதும் பட்டறைக்குப் போய்விடும் என்பதை அப்புறம்தான் படித்தேன். அவர் ஒரு வாரம் என்று ஏன் சொன்னார் என்று புரிகிறதா?

ஐந்தாம் நாளிலிருந்து குழாயில் கரும்புள்ளி. நேற்று கழற்றினோம்.

வெளிவிட்டம் 44.30. குருணை விழும் பக்கம் 44.30, நடுவில் 44.30, முனையில் 44.30. பழைய ஸ்க்ரூவின் தேய்ந்த முனையில் நான் எழுதி வைத்திருந்த அதே எண். என் படத்தை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. சாம்பிளை ஸ்கேன் செய்து, முனையில் கிடைத்த விட்டத்தை அப்படியே முழு நீளத்துக்கும் போட்டுவிட்டார்கள். குருணை விழும் பக்கம் பழசு 44.78 இருந்தது, அதைவிடவும் மோசம். என் பேரலோடு சேர்த்துப் பார்த்தால் ஒரு பக்க இடைவெளி 0.37. நான் கேட்டபடி செய்திருந்தால் 0.08. நாலரை மடங்குக்கு மேல். மும்மடிக் கணக்குப்படி கசிவு கிட்டத்தட்ட நூறு மடங்கு. எங்கிருந்து 30 கிலோ வரும்?

ஃப்ளைட் அடியில் விரலை வைத்தேன். கத்தி மாதிரி மூலை. 2.5 ரேடியஸ் கேட்ட இடத்தில் தட்டை முனை எண்ட் மில் கட்டரை ஓட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மூலை நெடுகக் கருகிய பிளாஸ்டிக் கோடாக ஒட்டியிருந்தது. என்னை நம்ப வைத்த கேள்வி எதுவோ, அதைத்தான் செய்யவில்லை.

பக்கத்து டூல் ரூம் அண்ணன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் ஒரு அரத்தை எடுத்து ஃப்ளைட் மேல் ஒரு இழுப்பு இழுத்தார். கடித்தது. நைட்ரைடிங் சரியாக ஆகியிருந்தால் அரம் வழுக்கிக்கொண்டு போயிருக்கும், கடிக்காது. ரசீதை எடுத்துப் பார்த்தோம். வாயு நைட்ரைடிங், ஆழம் 0.5 மி.மீ. என்று போட்டிருக்கிறது. அந்த ஆழத்துக்கு உலையில் ஐம்பது மணி நேரம் அளவுக்காவது கிடக்க வேண்டும். ரசீதில் உள்ளே போன தேதியும் வெளியே வந்த தேதியும் ஒன்று! சான்றிதழில் ஈஎன் 41பி ஸ்டீல், ஹீட் நம்பர் (ஸ்டீல் எந்த உருக்குத் தொகுதி என்று காட்டுகிற எண்) எல்லாம் இருக்கிறது. ஸ்க்ரூவில் எந்த எண்ணும் பொறித்திருக்கவில்லை. எந்தக் கம்பிக்கும் அந்தக் காகிதம் பொருந்தும்.

அண்ணன் விடவில்லை. வி-பிளாக்கில் வைத்துச் சுழற்றி, நேராக இருக்கிறதா என்று டயலை ஓட்டினார். நடுவில் 0.35 மி.மீ. ஆடுகிறது. அத்தனை நீளத் தண்டில் பள்ளத்தை வெட்டி எடுத்தபின், ஸ்ட்ரெஸ் ரிலீவ் (சூடாக்கி உள் இறுக்கத்தைப் போக்குவது) செய்துவிட்டுத்தான் ஃபினிஷிங் வெட்டு எடுக்க வேண்டும். அவசரத்தில் அதை விட்டிருப்பார்கள் என்றார். வளைந்த ஸ்க்ரூ பேரலில் உரசாதா என்று கேட்டேன். "விட்டம் குறைஞ்சிருக்கே தம்பி, அதனாலதான் உரசல. சரியா செஞ்சிருந்தா மாட்டிக்கிட்டிருக்கும்" என்றார். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

இன்று காலையிலிருந்து நடந்தது. பட்டறைக்கு முதல் போன்: "நீங்க குடுத்த சாம்பிள்படிதான் சார் செஞ்சிருக்கோம்." படம் கொடுத்தேனே? "படம் கையால வரைஞ்சது சார், அதை ரெஃபரன்ஸா எடுத்துக்க மாட்டோம்." இரண்டாவது போன்: "நைட்ரைடிங் வெளியில குடுத்தது, அவங்களைத்தான் கேக்கணும்." யார் அவர்கள்? "அது எங்க வெண்டார் சார், நம்பர் தர முடியாது." மூன்றாவது போன்: அந்த டெக்னிக்கல் ஆளைக் கேட்டேன். "அவர் சேல்ஸ் சார்." சேல்ஸா? கடைசியாக இன்னொன்றும் தெரிந்தது. கடைசல் வேலையே இவர்களிடம் நடக்கவில்லையாம், வேறு இடத்தில் கொடுத்து வாங்கினார்களாம். அப்படியானால் ஐந்து ஆக்சிஸ் மெஷின்? "அது பிஸியா இருந்தது சார்."

தளத்தில் புகார் போட்டேன். பதில் வர அரை நிமிடம்கூட ஆகவில்லை. காலக்கெடு முடிந்துவிட்டது, ஆனாலும் நல்லெண்ண அடிப்படையில் அடுத்த ஆர்டரில் பத்து சதவீதம் தள்ளுபடி தருகிறோம் என்கிறார்கள். 85,000 போனவனுக்கு அடுத்த ஆர்டராம். அந்தப் பத்து சதவீதத்தை வாங்க நான் இன்னும் ஒரு முறை ஏமாற வேண்டும்.

வயிறு எரிவதற்கு இன்னொரு காரணம், பழைய ஸ்க்ரூவையே காப்பாற்றியிருக்கலாம். தேய்ந்த ஃப்ளைட் மேல் கடின உலோகத்தை வெல்டிங்கில் ஏற்றி, திரும்ப 44.88-க்கு கிரைண்ட் செய்து தருகிறார்கள். பேரல் நல்ல நிலையில் இருக்கும்போது அது போதும் என்று அண்ணன் இப்போது சொல்கிறார். எனக்குப் புதுசு வேண்டியிருந்தது.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. தேய்ந்த ஸ்க்ரூவைச் சாம்பிளாகக் கொடுக்காதீர்கள், கொடுத்தாலும் பேரலின் அளவை வைத்து வெளிவிட்டத்தைப் படத்தில் எழுதி, பட்டறையின் கையெழுத்து வாங்குங்கள். மீதிப் பணத்துக்கு முன் விட்டம், ஆட்டம், அரம் மூன்றையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். ஹீட் நம்பர் ஸ்க்ரூவில் பொறித்திருக்க வேண்டும். ரன்-இன் என்று யாராவது சொன்னால் அன்றே புகார் போடுங்கள். மெஷின் அவர்களுடையதா என்று கேளுங்கள், வீடியோவில் வரி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்றும் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

பழைய ஸ்க்ரூவைத் திருப்பி அனுப்பச் சொல்லி மூன்று முறை கேட்டுவிட்டேன். வெல்டிங் போட்டாவது ஓட்டலாம் என்று பார்க்கிறேன். ஸ்டோரில் தேடிக்கொண்டிருக்கிறார்களாம்.