கட்டிலருகே ஸ்கேன்: நான்கு ஆண்டுகளும் ஒரு கருப்புப் பட்டையும்

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவின் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவி, உடலில் வைத்துப் பார்க்கும் கைப்பிடியான புரோப் மாற்றப்பட்டு, ஐந்து வாரங்களுக்குப் பின் சென்ற திங்களன்று திரும்பி வந்தது. சிறுநீரகக் கல் வலியோடு வருபவர்களுக்காக இப்படி ஒன்றை வாங்கலாமா என்று கல்லூரித் தோழர் ஒருவர் கேட்டிருந்ததும் அதே வாரத்தில்தான்.

இது கல்லைக் காட்டும் கருவி அன்று என்பதை அவருக்கு முதலில் எழுதினேன். சிறுநீர்க்குழாயின் நடுப்பகுதியில் சிக்கிய கல்லைக் குடல்வாயு பெரும்பாலும் மறைத்துவிடும். அடைப்புக்கு மேலே தேங்கிய சிறுநீரால் சிறுநீரகத்தின் உட்பகுதி விரிந்திருப்பதைத்தான் நாம் பார்க்கிறோம். “கல் எத்தனை எம்.எம். சார்?” என்று உறவினர் திரையை எட்டிப் பார்த்துக் கேட்கும்போது பெரும்பாலும் என்னிடம் பதில் இருப்பதில்லை. ஆயினும், 2014இல் வெளியான, அமெரிக்காவின் 15 அவசர சிகிச்சைப் பிரிவுகளில் 2,759 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு, எக்ஸ் கதிர்களால் படமெடுக்கும் சி.டி.க்குப் பதிலாக அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தொடங்கியவர்களுக்குக் கதிர்வீச்சு குறைந்ததையும், அதனால் ஆபத்தான நோய்கள் கூடுதலாகத் தவறிவிடவில்லை என்பதையும் காட்டியது. டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி ஊசி போட்ட கையோடு, வலி தணியும் முன்பே சிறுநீரகத்தைப் பார்த்துவிட முடிகிற வசதிக்கு நான் முற்றிலும் பழகிவிட்டேன்.

எதிர்பாராத நன்மை வேறிடத்திலிருந்து வந்தது. அறுபதைக் கடந்த ஒருவருக்கு முதன்முறையாக இடது விலாவில் வலி வந்தால், சிறுநீரகத்துக்கு முன்பே அடிவயிற்றுப் பெருந்தமனியைப் பார்த்துவிடுவது என் வழக்கம். கல் வலி என்று எங்களிடம் அனுப்பப்பட்ட ஒருவருக்கு, 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலே வீக்கம் எனப்படும் அத்தமனி ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்குப் பருத்திருந்தது. அந்த ஒரு இரவுக்காகவே கருவியின் விலை தகும் என்று அன்று சொன்னேன்.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். புரோப்பின் கம்பி தரையில் தொங்குகிறது. கருவியைத் தாங்கும் வண்டியின் சக்கரம் அதன் மீதே ஏறி இறங்குகிறது. கம்பி இழுபட்டுப் புரோப் இரண்டு முறை கீழே விழுந்ததில் உள்ளிருந்து ஒலியலைகளை அனுப்பி வாங்கும் படிகங்கள் சில செயலிழந்து, திரையில் மேலிருந்து கீழாக ஒரு கருப்புப் பட்டை தோன்றியது. வலச் சிறுநீரகத்துக்குக் கல்லீரல் ஒலியலைகள் தடையின்றிக் கடக்கும் நல்ல சாளரம் தருகிறது. இடச் சிறுநீரகமோ சற்று மேலே, விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருப்பதால், அங்கே எலும்பின் நிழல் விழுவது இயல்பு. அதனால் இதையும் எலும்பின் நிழலென்றே இரண்டு வாரங்கள் நம்பினேன். புரோப்பை நகர்த்தினால் எலும்பின் நிழல் திரையில் நகரும், இது நகராது. எலும்பின் நிழல் எலும்புக்குக் கீழே தொடங்கும், இதுவோ புரோப்பின் முகத்திலிருந்தே தொடங்குகிறது. இவ்வளவு தெளிவான வேறுபாட்டை, நள்ளிரவில் இடச் சிறுநீரகத்தின் இலேசான விரிவு ஒன்று அந்தப் பட்டைக்குள் மறைந்து, மறுநாள் சி.டி.யில் 7 மில்லிமீட்டர் கல் தெரிந்த பிறகே கவனித்தேன். பிழையில் பாதி என்னுடையது. மீதிப் பாதி, கம்பியை மாட்ட ஒரு கொக்கிகூட வைக்காமல் வண்டியை வடிவமைத்தவருடையது.

கருவில் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி ஸ்கேன் கருவிகளுக்கும் அவை இயங்கும் இடத்துக்கும் பதிவு வேண்டும் என்பதால், பழுது நாட்களில் பக்கத்து மருத்துவமனையிலிருந்து ஒன்றை இரவல் வாங்கிவர வழியில்லை. சட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை. ஆனால், முன்பே இருமுறை கல் வந்து போன இருபது வயதுப் பெண்ணைக்கூட அந்த ஐந்து வாரங்களில் சி.டி.க்கு அனுப்ப நேர்ந்தபோது, கருவி இருந்த நாட்களின் அருமை தெரிந்தது.

இத்தனையும் எழுதிவிட்டுத் தோழருக்கு நான் அனுப்பிய பதில், “வாங்க வேண்டாம்” என்பதே. புதிய புரோப் வந்த மூன்றாம் நாள் காலையில் அதன் கம்பி மறுபடியும் சக்கரத்தடியில் கிடந்தது. அதைப் பார்த்த கையோடு எழுதிய பதில் அது.