அடுத்து யாரைப் படிப்பது: வாடகை நூலகமா, பட்டியலா, செயலியா?

எங்கள் வீட்டில் கதை படிக்கிறவர்கள் மூன்று பேர். சித்திக்குக் காதல் நாவல், அக்கா மகளுக்கு மந்திரமும் டிராகனும், எனக்குப் பழைய நாவல்கள். யார் ரசனை உயர்ந்தது என்று நாங்கள் சண்டை போடுவதில்லை. அந்தச் சண்டையெல்லாம் என் இருபது வயதோடு முடிந்துவிட்டது. இப்போது தகராறு வேறு. கையில் இருப்பதை முடித்த பிறகு அடுத்து எந்த எழுத்தாளரிடம் போவது, அவர் பெயரை எங்கிருந்து பெறுவது? சித்தி வாடகை நூலகத்தை விட்டுக்கொடுக்க மாட்டார். அக்கா மகள் கைப்பேசி காட்டுகிறதைப் படிக்கிறாள். நான் விமர்சகர்கள் போட்ட பட்டியல்களைப் பழைய நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டு அலைகிறவன்.

மூன்று வழிகளையும் ஒரே தராசில் வைக்க ஓர் எடைக்கல் வேண்டும். என்னுடையது இது: முதல் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் நம் கையில் திணிக்கலாம். கல்யாணப் பரிசாக வரும், ரயில் நிலையக் கடையில் சிக்கும். அதே பெயரைத் தேடிப் போய் இரண்டாவது புத்தகத்தை நாமாக எடுக்கிறோமே, அன்றைக்குத்தான் அந்த எழுத்தாளர் நமக்குக் கிடைத்ததாகக் கணக்கு. எந்த வழி இரண்டாவது புத்தகம்வரை கொண்டுபோய் விடுகிறது?

காதல் நாவலில் இதற்குச் சித்தியிடம்தான் பாடம் கேட்க வேண்டும். தமிழில் இந்த வகையின் சிக்கல் பஞ்சம் அல்ல, வெள்ளம். வை.மு. கோதைநாயகி அம்மாள் நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதினார். ரமணிசந்திரனும் நூறைத் தாண்டியவர். இப்படி எழுதிக் குவிப்பவர்களிடம் வாசகருக்கு வரும் கேள்வி ‘யார்’ என்பதைவிட ‘எது’ என்பதுதான். தலைப்பில் நிலவும் தென்றலும் மாறி மாறி வரும். பின்னட்டை எதுவும் சொல்லாது.

வாடகை நூலகம் இதற்கு ஒரு கருவியைத் தானாகவே உண்டாக்கி வைத்திருக்கிறது. சித்தி தான் படித்து முடித்த ஒவ்வொரு புத்தகத்திலும் 27ஆம் பக்க எண்ணைச் சுற்றிப் பென்சிலால் சின்ன வட்டம் போடுவார். படித்ததையே மறுபடி எடுத்துவந்துவிடக் கூடாது என்பதற்கான அடையாளம் அது. அதேபோல வேறொருவர் 41இல் நட்சத்திரம் போடுவார், இன்னொருவர் கடைசிப் பக்க ஓரத்தில் இரண்டு கோடு இழுப்பார். இவர்களில் ஒருவரையும் சித்தி பார்த்ததில்லை. ஆனால், "நட்சத்திரக்காரி எடுத்தது எனக்கும் பிடிக்கும், இரண்டு கோட்டுக்காரிக்கு அழுகைதான் வேண்டும்" என்று சொல்லுமளவுக்கு அவர்களைத் தெரியும். கணினி நிறுவனங்கள் பெரும்பணம் செலவழித்துச் செய்கிற வேலையை, அதாவது உன்னைப் போன்ற ரசனையுள்ளவர் எதைப் படித்தார் என்று காட்டும் வேலையை, இங்கே பென்சில் முனை செய்துவிடுகிறது. போதாததற்கு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் வேறு: "அம்மா, இது உங்களுக்குப் பிடிக்காது, கதாநாயகன் கடைசிவரை திருந்த மாட்டான்."

செயலிகள் பக்கமும் நியாயம் இருக்கிறது. 2014இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி போன்ற தளங்களில் காதல் தொடர்கதைகள் தினமும் வருகின்றன. கிண்டிலில் தமிழ் வந்தது 2016 டிசம்பரில். அதற்குப் பிறகு பதிப்பாளர் வாசல் ஏறாமலேயே நேரடியாக வெளியிடும் பெண் எழுத்தாளர்கள் ஒரு பெரும் கூட்டமாகிவிட்டார்கள். வாடகை நூலக அலமாரியில் இந்தப் பெயர்களில் பாதி இருக்காது. முதல் அத்தியாயத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத் தொடரலாம், பிடிக்காவிட்டால் ஒரு தட்டலில் வெளியே வந்துவிடலாம். எழுதுகிறவர் அதே வாரம் வாசகருக்குப் பதில் சொல்கிறார். சித்தியின் கடையில் இதெல்லாம் கிடையாது.

ஆனால் ஒரு விஷயத்தில் திரை தோற்கிறது. நேற்றுப் படித்ததைப் போலவே இன்றும் ஒன்றை அது நீட்டும். ஒப்பந்தக் கல்யாணக் கதை ஒன்றைத் திறந்து பார்த்தால் போதும், ஒரு மாதத்துக்கு ஒப்பந்தக் கல்யாணம்தான். வாடகை நூலகத்திலோ ரமணிசந்திரன் அடுக்கின் பக்கத்திலேயே லட்சுமி இருப்பார். அகர வரிசைதான் காரணம், வேறு திட்டம் எதுவும் இல்லை. அந்த லட்சுமி, திரிபுரசுந்தரி என்ற மருத்துவர். ‘ஒரு காவிரியைப் போல’ நாவலுக்கு 1984இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். விருது பற்றிச் சித்திக்குத் தெரியாது. கை தவறி எடுத்து, பிடித்துப்போய், வரிசையாக முடித்துவிட்டார். அகர வரிசையின் இந்தத் தற்செயல், ரசனையைக் கணக்குப் போட்டு ஊட்டும் எந்த ஏற்பாட்டுக்கும் வராது. ஆகவே காதல் நாவலுக்கு என் ஓட்டு வாடகை நூலகத்துக்கே. அப்படி ஒன்று பக்கத்தில் இன்னும் மூடப்படாமல் இருந்தால். சென்னையில் 1955 முதல் இயங்கும் ஈஸ்வரி நூலகம் போன்றவை அபூர்வமாகிவிட்டன. தெருவுக்குத் தெரு இருந்தவற்றில் பல இன்று மருந்துக் கடையாகவோ கைப்பேசிக் கடையாகவோ மாறிவிட்டன. கடை இல்லாத ஊரில் செயலிதான்; அதில் குறை சொல்லிப் பயனில்லை.

மந்திரமும் மாயமும் நிறைந்த மிகுபுனைவுக்கு (ஃபேன்டசி) வந்தால் கதையே தலைகீழ். இங்கே வெள்ளம் இல்லை. ஊற்று இருக்கிறது, பெயர்ப்பலகைதான் இல்லை. ‘மிகுபுனைவு’ என்ற சொல்லையே பல புத்தகக் கடைகளில் விளக்க வேண்டியிருக்கும். "பேய்க் கதையா?" என்பார்கள். பொது நூலகமும் உதவாது. நூலகங்கள் புத்தகங்களுக்கு எண் கொடுத்து அடுக்கும் டியூயி முறையில் தமிழ்ப் புனைகதை எல்லாவற்றுக்கும் 894.8113 என்ற ஒரே எண்தான். அந்த எண்ணின் கீழ் சோழ இளவரசனும் குடும்ப வழக்கும் விண்கலமும் தோளோடு தோள் ஒட்டி நிற்கும்.

அக்கா மகள் முதலில் செயலியில்தான் தேடினாள். வாசகர் மதிப்பீட்டுத் தளங்களில் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒரு விசித்திரத் தொல்லை உண்டு. ஒரே ஆள் தமிழ் எழுத்தில் ஒரு பக்கமாகவும், ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாகவும் பிரிந்து கிடப்பார். புதுமைப்பித்தனை ஆங்கில எழுத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்று எண்ணிப் பாருங்கள். மதிப்பெண்கள் சிதறுகின்றன, ‘இவரைப் படித்தவர்கள் இவரையும் படித்தார்கள்’ என்ற கோடு அறுந்துபோகிறது. அதனால் அவளுக்குக் கிடைத்த பரிந்துரைகள் எல்லாம் ஆங்கில நாவல்கள். தவறில்லை, அவையும் படிக்க வேண்டியவைதான். அவள் கேட்டது தமிழில்.

அவளுக்குக் கைகொடுத்தது புத்தகக் கண்காட்சி. 1977 முதல் நடக்கும் சென்னைக் கண்காட்சிக்குப் பெரும்பாலோர் பத்து சதவீதத் தள்ளுபடிக்காகப் போகிறார்கள். அதன் உண்மையான பயன் வேறு. வேறெங்கும் சந்திக்காத புத்தகங்கள் அங்கே அடுத்தடுத்த அரங்குகளில் கிடக்கும். 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவியைப் பார்த்துக் கண்கலங்கி நிற்கும் ஐம்பது வயதுக்காரர் ஓர் அரங்கில். கொஞ்சம் தள்ளி, பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழுக்கு வந்து 1981இல் க்ரியா வெளியிட்ட ‘குட்டி இளவரசன்’. இன்னும் நாலு எட்டில் இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்ய நாவல்கள், எதிர் வரிசையில் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’, ஒரு மூலையில் செங்கல்லைப் போல ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’. தமிழில் மாயமும் மிகுபுனைவும் இப்படித்தான் இருக்கின்றன: காமிக்ஸில் கொஞ்சம், மர்ம நாவலில் கொஞ்சம், அறிவியல் கதையில் கொஞ்சம், மொழிபெயர்ப்பில் கொஞ்சம். என் தலைமுறைக்கு அது 1947இல் பிறந்த அம்புலிமாமாவில் வேதாளத்தின் முதுகில் ஏறி வந்தது. அதற்கு நாங்கள் வகைப்பெயர் எதுவும் வைக்கவில்லை.

கண்காட்சிக்கும் ஒரு குறை உண்டு. அது முதல் புத்தகத்துக்கான இடம். ஆண்டுக்கு ஒருமுறை திருவிழா முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். பிப்ரவரியில் இரண்டாவது புத்தகம் தேடும்போது அரங்கில் இருந்தவர் இல்லை. இப்போது மாவட்டந்தோறும் கண்காட்சி நடப்பதால் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். என் எடைக்கல்லை வைத்தால் இதில் எதற்கும் முழு மதிப்பெண் இல்லை. செயலிக்கு மிகக் குறைவு.

பழைய நாவல்களில் பெயருக்கும் பஞ்சமில்லை, புத்தகத்துக்கும் பஞ்சமில்லை, விலையும் இல்லை. 1998 பொங்கலன்று இணையத்தில் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தவை குவிந்து கிடக்கின்றன. வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ முதல் கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகங்களும்வரை காசில்லாமல் படிக்கலாம். ஈழத்து எழுத்துக்கு 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற இணையதளம் இருக்கிறது. தமிழ்நாட்டில் எந்தக் கடையிலும் பார்க்க முடியாத இதழ்களை அதில் பார்த்திருக்கிறேன். இந்தியப் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்து அறுபது ஆண்டுகள்வரை. அரசு நாட்டுடைமையாக்கினால் அதற்கு முன்பே கதவு திறந்துவிடும். எனவே கிடைக்கவில்லை என்ற சாக்கு இங்கே செல்லாது.

சாக்கு வேறு. ஒரு நண்பர் ஆர்வத்தோடு ‘தமிழின் முதல் நாவலிலிருந்து தொடங்குகிறேன்’ என்று 1879இல் வெளியான பிரதாப முதலியாரைத் தரவிறக்கினார். நாற்பதாம் பக்கத்தில் நின்றுவிட்டார். அது நல்ல நாவல் என்பதுதான் என் எண்ணம். ஆனால் கதைக்குள் கதையும் உபதேசமுமாய்ப் போகும் அந்த நடைக்குள் நேராகக் குதிக்க முடியாது. இலவசத் தளம் புத்தகத்தைத் தரும், எந்தக் கதவு வழியாக நுழைவது என்று சொல்லாது. ஐந்நூறு கோப்புகளின் வரிசையைக் கிணறு பார்ப்பதுபோல எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள் ஏராளம்.

இங்கேதான் பட்டியல்காரர்கள் ஜெயிக்கிறார்கள். 1950களில் விமர்சகர் க.நா. சுப்ரமண்யம் (க.நா.சு.) ‘படித்திருக்கிறீர்களா?’ என்று கேட்டு ஒவ்வொரு தமிழ்ப் புத்தகமாக அறிமுகம் செய்தார். பெரிய ஆராய்ச்சி எதுவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்கிற தொனி. ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ பக்கம் நான் திரும்பியதற்கு அவர்தான் காரணம். 1942இல் வந்த அந்தச் சின்ன நாவலை ஒரே மாலையில் முடிக்கலாம். முடித்ததும் அதே பெயரில் இன்னொன்று தேடினேன். எடைக்கல் சரியாக விழுந்தது. எஸ். ராமகிருஷ்ணன் தேர்ந்தெடுத்த நூறு சிறந்த சிறுகதைகளின் பட்டியலும் அப்படித்தான் பயன்படும். அரை மணி நேரத்தில் ஓர் எழுத்தாளரை ருசி பார்க்கலாம், பிடித்தால் அவருடைய நாவலுக்குப் போகலாம். பட்டியல் பெயரைத் தர, இலவசத் தளம் புத்தகத்தைத் தர, இரண்டும் சேர்ந்தால்தான் காரியம் நடக்கிறது. ஒன்றில்லாமல் மற்றது பாதி.

பட்டியல்காரர்களுக்கும் ஒரு கர்வம் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் சித்தி என்னை மன்னிக்க மாட்டார். ஒரு கதவைத் திறக்கும்போது பத்துக் கதவை மூடுவார்கள். க.நா.சு. வணிக எழுத்தை ஏளனம் செய்தவர். அவரை மட்டும் நம்பினால் ரமணிசந்திரனும் இல்லை, சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் இல்லை. பதினான்கு வயதில் கடல் புறாவை இழந்தவனுக்குப் பிற்பாடு யார் என்ன ஈடு கொடுக்க முடியும்?

வேடிக்கை என்னவென்றால், அக்கா மகளின் தேடலுக்கு என் நாட்குறிப்பில் பதில் இருந்தது. புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ கதையில் கடவுள் பிராட்வேக்கும் எஸ்பிளனேடுக்கும் இடையிலான மூலையில் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இதைவிட நேர்த்தியான மிகுபுனைவு வேறு என்ன வேண்டும்? படித்துவிட்டு அன்றிரவே அவருடைய ‘காஞ்சனை’யைத் தானே தேடி எடுத்தாள். ஒரே நாளில் இரண்டு. எந்தச் செயலியும் அவளுக்கு அவரை மிகுபுனைவு என்று காட்டியிருக்காது. என் பட்டியலும் அப்படிச் சொல்லவில்லை. விளிம்பில் அவளுக்கேற்றபடி நான் குறித்துக்கொடுத்ததுதான்.

அந்தத் தைரியத்தில் சித்தியிடமும் ஒன்றை நீட்டினேன். ஸ்வீடன் எழுத்தாளர் செல்மா லாகர்லாவ் 1891இல் வெளியிட்ட முதல் நாவல்; க.நா.சு. அதை ‘மதகுரு’ என்று மொழிபெயர்த்திருக்கிறார். குடிகாரப் பாதிரி ஒருவனிடம் ஒருவர் பின் ஒருவராக மனத்தைப் பறிகொடுக்கும் பெண்கள், கிறிஸ்துமஸ் இரவில் சாத்தான் போல வந்து ஒப்பந்தம் போடுகிறவன், பனிக்காட்டு ஓநாய்கள். இதைக் காதல் அலமாரியில் வைப்பதா, மாயத்தில் வைப்பதா, பழைய நாவலில் வைப்பதா என்று எனக்கே குழப்பம். "வெளிநாட்டுப் பெயரெல்லாம் எனக்கு நினைவில் நிற்காது" என்று சொல்லிக்கொண்டே வாங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. நல்லது, கெட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. சித்தி போன பிறகு 27ஆம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். பென்சில் வட்டம் இருந்தது. என் சொந்தப் புத்தகத்தில்.