பைசா ஏலத் தளங்கள்: தோற்றவர் காசு என்ன ஆகிறது என்று முதலில் பாருங்கள்

ராத்திரி பத்து மணிக்கு வியாசர்பாடியிலிருந்து அக்கா பையன் போன் செய்தான். "மாமா, ஏலத்துல ஜெயிச்சிட்டேன். 28,000 ரூபா போன் 312 ரூபாய்க்கு வந்திருக்கு. அனுப்பறதுக்கு முன்னாடி ஜிஎஸ்டி 2,800 கட்டணுமாம், கட்டட்டுமா?" விசாரித்தால், அதற்கு முன்பே பிட் (ஒரு தடவை ஏலம் கேட்கும் உரிமை) வாங்க 1,500, அப்புறம் 'ரிலீஸ் சார்ஜ்' என்று 999 கட்டியிருக்கிறான். கட்டாதே, முதலில் இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்குப் போன் போடு என்றேன். அவன் கேட்டது நியாயமான கேள்வி: "நீங்க மட்டும் இதே மாதிரி ஏலத்துல மிக்ஸி வாங்கினீங்களே?"

வாங்கினேன். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டுச் சமையலறையில் இன்றைக்கும் ஓடுகிற மிக்ஸி அதுதான். இரண்டு தளமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும், ஆனால் ஒன்றில் பொருள் வந்தது, இன்னொன்றில் காசு போனது. எது எதனால் என்று அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இந்தப் பைசா ஏலம் நடக்கிற விதம் பலருக்குத் தெரிந்திருக்கும். முதலில் காசு கொடுத்து பிட் வாங்க வேண்டும். ஒவ்வொரு பிட் போடும்போதும் பொருளின் விலை கொஞ்சம் ஏறும், கடிகாரத்தில் பத்து அல்லது இருபது வினாடி கூடும். கடிகாரம் முடிகிறபோது கடைசியாகப் போட்டவருக்குப் பொருள். போட்ட பிட்டுக்கான காசு யாருக்கும் திரும்பாது.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே புரியும். அங்கே கூடையைப் பத்துப் பேர் கேட்பார்கள், ஒருவர் எடுப்பார், மற்ற ஒன்பது பேர் பையில் இருந்த காசோடு அடுத்த கூடைக்கு நகர்வார்கள். ஏலச்சீட்டில் கூட, சீட்டு எடுக்காதவருக்குக் கழிவில் பங்கு வரும். பைசா ஏலத்தில் மட்டும்தான் தோற்றவர்கள் எல்லோரும் சேர்ந்து கடைக்காரருக்குக் கட்டணம் கட்டுகிறார்கள். நான் விளையாடிய தளத்தில் ஒரு பிட் 25 ரூபாய், விலை ஏறுவது 25 பைசா. அந்தக் கணக்கில் ஒரு போன் 312 ரூபாய்க்கு முடிந்தால் 1,248 பிட் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பிட் காசு மட்டும் 31,200 ரூபாய், 28,000 ரூபாய் போனுக்கு.

இதில் ஏமாற்று எதுவுமே இல்லை என்பதைக் கவனியுங்கள், நேர்மையான தளத்தின் கணக்கே இதுதான். ஜெர்மனியில் தொடங்கிய ஸ்வூபோ தளத்தின் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஏலங்களை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் நெட் ஆகன்பிளிக் ஆராய்ந்தார். சராசரியாகப் பொருளின் மதிப்பைப் போல ஒன்றரை மடங்கு வருமானம் தளத்துக்குப் போயிருந்தது. 'இவ்வளவு போட்டாச்சே, இப்போ எப்படி விடுவது' என்கிற மனசுதான் அதற்குக் காரணம் என்றார் அவர். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷனும் இந்த வகை ஏலம் பல விதத்தில் லாட்டரிக்குத்தான் நெருக்கம் என்று மக்களை எச்சரித்திருக்கிறது. அதனால் 'நேர்மையானதா' என்ற கேள்வியோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. என் கணக்கில் தளங்கள் மூன்று வகை: ஒன்று, சுத்த மோசடி; இரண்டு, நேர்மையானது, ஆனால் தோற்றால் போனது போனதுதான்; மூன்று, நேர்மையானது, தோற்ற பிட் காசை அதே பொருளின் விலையில் கழித்துக்கொள்ள விடுவது. நான் மூன்றாவது வகையின் பக்கம், அதையும் நிபந்தனையோடுதான் சொல்கிறேன்.

முதல் வகையைக் கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. 2020-ல் வந்த மின்வணிக விதிகளின்படி, இங்கே வியாபாரம் செய்கிற தளம் தன் சட்டப்படியான பெயர், முகவரி, குறைதீர் அலுவலரின் பெயர், தொடர்பு எண் எல்லாவற்றையும் தளத்திலேயே போட வேண்டும். புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். பையன் சிக்கிய தளத்தில் ஒரு வாட்ஸ்அப் எண் தவிர எதுவும் இல்லை. தளத்தின் பெயர் எப்போது பதிவானது என்று காட்டுகிற ஹூஇஸ் தேடலில் போட்டுப் பார்த்தோம், பதிவு செய்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. பணம் போனது நிறுவனக் கணக்குக்கு இல்லை, யாரோ ஒரு தனிநபரின் யுபிஐ-க்கு. முகவரிப் பட்டியில் பூட்டுப் படம் இருந்ததே என்றான். அந்தப் பூட்டு, நாம் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்று மட்டும்தான் சொல்லும், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் யார் என்று சொல்லாது. எல்லாவற்றுக்கும் மேல், ஜெயித்த பிறகு புதிது புதிதாகக் கட்டணம் முளைத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 999 கட்டினால் 2,800 கேட்பார்கள், அதையும் கட்டினால் வேறு பெயரில் இன்னொன்று வரும்.

கண்டுபிடிக்கக் கஷ்டமானது உள்ளே ஓடுகிற போலி ஆள்தான். தளமே ஒரு புரோகிராமை விட்டு பிட் போட வைத்தால் நீங்கள் ஜெயிக்கவே முடியாது. இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது, பலர் இதில் தவறாக முடிவு கட்டுகிறார்கள். நேர்மையான தளங்களிலும் தானாக பிட் போடும் வசதி உண்டு. ஸ்வூபோவில் பிட்பட்லர் என்றார்கள், குவிபிட்ஸ் என்ற இன்னொரு தளத்தில் பிட்-ஓ-மேட்டிக். அதனால் கடைசி வினாடியில் டக் டக்கென்று பிட் விழுவதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்லிவிட முடியாது. நான் செய்தது, ஒரு வாரம் ஒரு பைசா போடாமல் நோட்டில் எழுதியது. எந்தப் பெயர் எவ்வளவு பிட் போட்டது, எப்போது விலகியது, யார் ஜெயித்தது. நிஜ ஆளின் தானியங்கி பிட் 30, 50 என்று ஒரு அளவில் தீர்ந்து நின்றுவிடும். போலிப் பெயர் களைக்காது, நடுராத்திரியிலும் அதே வேகம், அதே நான்கைந்து பெயர்களே போனையும் டிவியையும் மாறி மாறி ஜெயித்துக்கொண்டிருக்கும். ஒருவர் ஒரு மாதத்தில் இத்தனை முறைதான் ஜெயிக்கலாம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிற தளம் என்றால் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வரும்.

இரண்டாவது வகையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பொருள் அனுப்புவார்கள், ரசீது தருவார்கள், ஆனால் நஷ்டத்துக்கு எல்லை கிடையாது. நான் மூன்று வாரம் அப்படி ஒன்றில் இருந்து 1,100 ரூபாய் விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது மிக்ஸிக்கு வருகிறேன், என் முடிவை மாற்றியதே அதுதான். அந்த ஏலத்தில் நான் தோற்றேன். 40 பிட் போட்டிருந்தேன். அதில் 6 போனஸாக வந்தவை, அவை கணக்கில் சேராது என்றார்கள் (விதிகளில் முதலிலேயே எழுதியிருந்தது, நான்தான் படிக்கவில்லை). மீதி 34 பிட்டுக்கு 850 ரூபாய். தளத்தில் அந்த மிக்ஸியின் முழு விலை 3,490. அதில் 850 கழித்து 2,640, டெலிவரி 150, ஆக 2,790 கட்டினேன். மொத்தமாக எனக்கு ஆனது 3,640. அதே மாடல் எங்கள் தெருமுனைக் கடையில் 3,150. நஷ்டம் 490.

இந்த 490 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். தளத்தின் விலைக்கும் கடை விலைக்கும் உள்ள இடைவெளி 340, டெலிவரி 150. நான் எத்தனை பிட் போட்டேன் என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. முழு விலை வரைக்கும் காசு கொடுத்து வாங்கிய பிட்டாகப் போட்டுத் தோற்றிருந்தாலும் நஷ்டம் 490-க்கு மேல் போயிருக்காது. ஏலத்தில் இறங்கும் முன்பே அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று தெரிந்துகொள்ள முடிகிற ஒரே வகை இதுதான், ஆனால் இரண்டு விஷயம் சரியாக இருந்தால் மட்டும்: அந்தப் பொருள் எப்படியும் உங்களுக்குத் தேவைப்பட வேண்டும், தளம் முழு விலையை ஏற்றி வைத்திருக்கக் கூடாது. இரண்டாவதில்தான் பல தளங்கள் விளையாடுகின்றன. 3,150 ரூபாய் மிக்ஸிக்கு 4,900 என்று போட்டுவிட்டு 'உங்கள் பிட் காசு வீணாகாது' என்றால், அது இரண்டாவது வகைதான், பேச்சு மட்டும் மூன்றாவது. அதனால் ஏலம் தொடங்கும் முன் அதே மாடல் எண்ணை வைத்துக் கடையில் ஒரு தடவை, பெரிய ஆன்லைன் கடையில் ஒரு தடவை விலை கேட்டு எழுதி வையுங்கள். கழித்துக்கொள்ள எத்தனை நாள் அவகாசம் என்றும் பாருங்கள். எனக்கு ஏலம் முடிந்து 24 மணி நேரம்தான் இருந்தது.

ஜெயித்ததும் உண்டு. இஸ்திரிப் பெட்டி ஒன்று 9 பிட்டில் வந்தது, பிட் 225, விலை 14, டெலிவரி 80, ஆக 319 ரூபாய். கடையில் 750. ஆனால் நான் அங்கே இருந்தது ஐந்து மாதம், இறங்கிய ஏலம் ஏழு, எல்லாமே ஐயாயிரத்துக்கு உட்பட்ட பொருள்கள். போன், லேப்டாப், தங்க நாணயம் பக்கம் நான் போகவில்லை, அங்கே கூட்டம் அதிகம், அதனால் என் அனுபவத்தை அதற்கு நீட்ட வேண்டாம். அப்புறம், பிட்டை மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைக்காதீர்கள். ஸ்வூபோ கூடப் பின்னாளில் இப்படிக் கழித்துக்கொள்ளும் வசதியைக் கொண்டுவந்தது, ஆனாலும் 2011-ல் திவாலாகி மூடிவிட்டது.

பையனுக்கு 1930-ல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள், பணம் இன்னும் வரவில்லை. கட்டி நான்கு நாள் கழித்துத்தான் சொன்னான். உடனே சொல்லியிருந்தால், அந்தக் கணக்கிலிருந்து பணம் வெளியே போகும் முன் முடக்க வாய்ப்பு அதிகம்.

போன வாரம் அக்கா, நான் மிக்ஸி வாங்கிய தளத்தில் வெட் கிரைண்டர் ஏலம் வருகிறது, கேட்கலாமா என்றாள். தளத்தில் முழு விலை 6,400, மூலக்கொத்தளம் பக்கம் கடையில் 5,100. இடைவெளி 1,300, டெலிவரி வேறு. நேராகக் கடைக்குப் போகச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோவில் எடுத்து வந்துவிட்டாள்.