எட்டு வருடம் ட்ராக்கில் ஓடிய ஹெரால்டு: ஓட்டிய அனுபவமும் விற்ற அனுபவமும்

எங்கள் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் போன மாதம் கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. பாளையங்கோட்டையில் ஒரு வீட்டுக் கொட்டகைக்குள் வருடக்கணக்கில் நின்ற இரண்டு கதவு வண்டி அது. 2014-ல் வாங்கி, மூன்று வருடம் பிரித்துக் கட்டி, அப்புறம் எட்டு வருடம் ரேஸ் ட்ராக்கில் ஓட்டினேன்.

ஹெரால்டு குடும்ப வண்டியாச்சே என்பார்கள். சென்னையில் 1961 முதல் தயாரானது, 948 சிசி எஞ்சின், சரிதான். ஆனால் இங்கிலாந்தில் இதே சேஸியை, அதாவது அடிச்சட்டத்தை, சுருக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டுவந்தார்கள். இரண்டுக்கும் வடிவம் கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் சாய்ந்து திறக்கும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டு கார்புரேட்டர் டியூன் பண்ணலாம். அந்தச் சுகம் வேறு எந்த வண்டியிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

எஞ்சினில் சிலிண்டரைக் கடைந்து ரீபோர், இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், ஆயில் கூலர். உள்ளே வண்டி கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் இரும்புக் கூண்டு (ரோல் கேஜ்), ஒற்றை சீட். எஞ்சின் எட்டு வருடமும் பெரிதாகத் தொந்தரவு தரவில்லை. எத்தனால் கலந்த பெட்ரோல் வந்தபிறகு பழைய ரப்பர் ஹோஸ்கள் ஊறிப்போய்க் கசிந்தன. எல்லாவற்றையும் மாற்றினோம், அவ்வளவுதான்.

படுத்தியது சக்கரங்கள்தான். முன்சக்கரத்தைத் தாங்கும் கம்பியின் அடிமுனை, ட்ரன்னியன் என்கிற பித்தளைத் துண்டுக்குள் மரையில் சுழலும். அதற்குக் கிரீஸ் கூடாது, 90 கியர் ஆயில்தான் ஊற்ற வேண்டும். எங்களுக்கு முன்னால் வேலை பார்த்த யாரோ கிரீஸை அடைத்து வைத்திருந்தார்கள். அது உள்ளேயே காய்ந்து கட்டியாகி, மரை துருப்பிடித்து, ஒருநாள் பட்டறை வாசலில் ரிவர்ஸ் எடுக்கும்போதே இடது சக்கரம் முறிந்து மடங்கிவிட்டது. ட்ராக்கில் வேகத்தில் போகும்போது உடைந்திருந்தால்? நினைத்தால் இன்றைக்கும் கை நடுங்குகிறது. பட்டறை அண்ணாச்சி அன்றைக்கே ஒரு ஆயில் கேனை எடுத்து, இந்த வேலைக்கு மட்டும் என்று தனியாக வைத்துவிட்டார்.

பின்பக்கம் ஸ்விங் ஆக்சில், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அச்சு. நடுவில் டிஃபரன்ஷியல், அதன் மேல் குறுக்காக ஒரு கமான் பட்டை. வளைவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரை விட்டால் பாரம் முன்னால் போகும், பின்பக்கம் எழும்பும், சக்கரம் உள்வாங்கி மடங்கும், வண்டி சுற்றிவிடும். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ட்ராக்கில் முதல் நாளே எனக்கு அது நடந்தது. பேட்டையில் லாரிக்குக் கமான் பட்டை அடிக்கும் பட்டறையில் கொடுத்து பட்டையின் வளைவைக் குறைத்தோம். பின்பக்கம் தாழ்ந்தது, சக்கரத்தின் தலை கொஞ்சம் உட்பக்கம் சாய்ந்தது, வண்டி அடங்கியது. ஆனால் குணம் முழுசாகப் போகவில்லை. வேகத்தை வளைவுக்கு முன்னாலேயே குறைத்துவிட வேண்டும், உள்ளே போனபிறகு காலை எடுக்கவே கூடாது. இது கைவர எனக்கு இரண்டு வருடம் ஆனது.

இதனால்தான் விற்பது எனக்குப் பெரிய பொறுப்பாகத் தெரிந்தது. முதலில் வந்தவர்கள் எல்லாரும் கல்யாண ஊர்வலத்துக்குக் கேட்டார்கள். கேஜை அறுத்தெடுத்துவிட்டு பின்சீட் போடலாமா என்றார் ஒருவர். நல்ல விலைதான் சொன்னார். எனக்கு மனசு வரவில்லை. ரோட்டில் ஓட்டுகிற ஆசையோடு வந்தவர்களிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னேன். ஆர்சியில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு விதியும் 50 வருடம் தாண்டி, அசல் வடிவில் இருக்கும் வண்டிக்குத்தான். சேஸி, பாடி, எஞ்சினில் கைவைத்த வண்டிக்குக் கிடையாது. நாங்களே ட்ராக்குக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனோம்.

கடைசியில் வந்தவர் லேத் வைத்திருக்கும் ஒரு கோயம்புத்தூர்ப் பையன், கூடவே அவன் அப்பா. "அண்ணா, குறை ஏதும் இருந்தா இப்பவே சொல்லிருங்க" என்றான். பின்பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கச் சொன்னேன். பாரம் எடுபட்டதும் இரண்டு சக்கரமும் வாத்துக்கால் மாதிரி அடியில் மடங்கித் தொங்கின. அப்பா தரையில் குத்தவைத்து நெடுநேரம் பார்த்தார். ரேஸ் சீட் பெல்ட் 5 வருடக் கெடு தாண்டியது, புதுசு வாங்கித்தான் இறங்க வேண்டும் என்றும் சொன்னேன். என்றைக்கு என்ன மாற்றினோம், எந்த டயருக்கு எவ்வளவு காற்று என்று எழுதிவைத்த நோட்டு இரண்டையும் கொடுத்தேன். பதிவு மாற்ற 29, 30-ஆம் படிவங்கள், என்ஓசிக்கு 28. அதெல்லாம் சிரமமில்லை.

போட்ட பணத்தில் பாதிகூட வரவில்லை. இந்த மாதிரி வண்டிக்கு உழைப்பைக் கணக்குப் போட்டு விலை கேட்கக் கூடாது, வாங்குகிறவரும் தர மாட்டார்.

லாரி வந்தது. கயிறு கட்டும்போது அண்ணாச்சி அந்த ஆயில் கேனைத் துடைத்து டிரைவர் சீட்டுக்கடியில் வைத்தார். பையன் பார்த்துவிட்டு, "இது எப்பெப்ப ஊத்தணுமுங்க?" என்று கேட்டான்.

"ஒவ்வொரு தடவையும் ட்ராக்ல இறங்குறதுக்கு முன்னாடி தம்பி. பித்தளை ஓரத்துல புது ஆயில் எட்டிப் பாக்குற வரைக்கும்" என்றார் அண்ணாச்சி.