வெளிச்சவீட்டடியில் நின்ற பின்னேரம்

ஒன்பது வருசத்துக்குப் பிறகு சுவிஸிலிருந்து மட்டக்களப்புக்குப் போனோம். பாலமீன்மடு வெளிச்சவீட்டை மகளுக்குக் காட்டவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்பாவின் சைக்கிள் பாரில் இருந்துகொண்டு முகத்துவார வீதியால் போய் அண்ணாந்து பார்த்த வெள்ளைக் கோபுரம். 1913இல் வெள்ளைக்காரர் கட்டியது, 28 மீற்றர் உயரம். இந்த முறையும் அண்ணாந்துதான் பார்த்தேன், தொண்டை அடைத்தது.

அதோடு திரும்பியிருக்கலாம். வாவியில் வள்ளச் சவாரி ஒழுங்குபண்ணித் தருகிறோம் என்று ஓரிடத்தில் சொன்னதை நம்பி 3,000 ரூபாய் முற்பணம் கட்டியிருந்தேன். பின்னேரம் 4 மணிக்கு வெளிச்சவீட்டடித் துறையில் ஆள் நிற்கும் என்றார்கள். 3:45க்கே போய்விட்டோம். 4 மணிக்கு ஆளில்லை. போன் எடுத்தேன். "அஞ்சு நிமிசம் அண்ணன், வந்துட்டம்." 4:20க்கும் அஞ்சு நிமிசம், 4:50க்கும் அஞ்சு நிமிசம். 5:10க்குப் போன் வேலைசெய்யவில்லை.

சுவிஸில் தூன் ஏரியில் கப்பல் நேரம் துறையிலேயே எழுதித் தொங்கும், அதன்படி வரும். அவ்வளவு நான் கேட்கவில்லை. வர ஏலாது என்றால் ஏலாது என்று சொல்லுங்கள், அடுத்த நாள் வந்திருப்போம். பொய்க்கு அஞ்சு நிமிசம் சொல்லி எட்டு வயதுப் பிள்ளையை ஆவணி வெயிலில் நிறுத்தியதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

கச்சான் (வேர்க்கடலை) விற்ற அக்காதான் முதலில் கண்டவர். "பிள்ளைக்கு வெயில் சுடும், இதில இரிங்க" என்று தன் கதிரையைத் தூக்கித் தந்துவிட்டு அவர் நின்றார். பக்கத்தில் ஒரு ஐயா வலை பொத்திக்கொண்டிருந்தார். பெருவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை ஓட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். தலை நிமிராமலே கேட்டார்: "ஆரு மனே வரச் சொன்ன?" சொன்னேன். வலையைச் சுருட்டி வைத்தார். "வாங்க, பொழுது படுறதுக்குள்ள ஒரு சுத்துச் சுத்திட்டு வருவம்."

கண்ணா என்னும் கண்டல் காட்டு ஓரமாகப் போய் இயந்திரத்தை நிறுத்தினார். ஆற்றுவாயை மண் மூடிக் கிடந்தது. மாரியில் வெள்ளம் முட்டினால் வெட்டிவிடுவார்களாம். மண்மேட்டுக்கு அப்பால் கடல் இரைந்தது. 2004 சுனாமி பற்றி நான் கேட்கவில்லை. எதிர்க்கரை நாவலடிப் பக்கம் அவர் கையை மட்டும் காட்டினார்.

மட்டக்களப்பு வாவிக்குப் பேர்போன பாடும் மீன் எங்கே என்றாள் மகள். "அது கல்லடிப் பாலத்தடியில, நிலவுக்கு வரணும் மகள். துடுப்பைத் தண்ணிக்குள்ள விட்டுட்டு மற்றத் தலைப்பில காதை வைக்கணும்." அந்த இடத்திலேயே வைத்துக் காட்டினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் கேட்டாள்.

கரைக்கு வந்து 5,000 ரூபாய்த் தாளை நீட்டினேன். மண்ணெண்ணெய்க்கும் சேர்த்து 1,500 போதும் என்று, கச்சான் அக்காவிடம் மாற்றி, மிச்சத்தை என் கையில் எண்ணி வைத்தார். கூட வைத்துக்கொள்ளச் சொன்னதற்கு முகம் மாறிவிட்டது. பிறகு நான் வற்புறுத்தவில்லை.

கட்டிய முற்பணம் இன்றுவரை வரவில்லை. போகிறவர்கள் முன்கூட்டி யாரிடமும் காசு கட்டாதீர்கள். வெயில் தாழ நேரே துறைக்குப் போய், வலையோடு இருப்பவர்களிடம் கேளுங்கள். கச்சானும் வாங்குங்கள், சூடாகவே தருவார்.